பெஞ்சில் காத்திருக்கும் அக்கா

சனிக்கிழமை காலை. வட்டார வள மையத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இயன்முறைப் பயிற்சி நடக்கிறது. இறுகிய கால்களை நீட்டி மடக்கும்போது வலியில் கத்துகிறான். அம்மா அவன் தலைமாட்டில். வெளியே பெஞ்சில் பத்து வயது அக்கா. மடியில் தம்பியின் காலிப்பர், பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் மாற்று டவுசரும் வைத்த கட்டைப்பை. அவன் அழுகையைக் கேட்டே வலியா, பசியா என்று சொல்லிவிடுவாள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

மருத்துவர், சிறப்பாசிரியர், வீட்டுக்கு வரும் உறவினர் என எல்லோரும் விசாரிப்பது தம்பியைத்தான். அவளுக்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: “சமத்துப் பொண்ணு, அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசை!”

அந்தப் பாராட்டுதான் உறுத்துகிறது. அம்மாவுக்கு இருக்கிற கஷ்டம் போதும் என்று தன் காய்ச்சலையே சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பியைக் கேலி செய்தவனோடு மல்லுக்கு நிற்பவளும் அவள்தான். பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவன் வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்துவிட்டு, அந்த நினைப்புக்காகவே இரவெல்லாம் குமைபவளும் அவள்தான். பாசம், கோபம், வெட்கம் மூன்றும் ஒரே மனதில் இருக்கலாம், அது தப்பில்லை என்று அவளிடம் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அமெரிக்காவின் சியாட்டிலில் டான் மேயர் 1980களில் தொடங்கிய ‘சிப்ஷாப்’ கூட்டங்கள் இதற்காகவே ஏற்பட்டவை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் உடன்பிறந்த பிள்ளைகள் மட்டும் கூடி விளையாடுவார்கள். விளையாட்டுக்கு நடுவே மனம்விட்டுப் பேசுவார்கள்.

நம் சட்டம் உடன்பிறந்தவர்களை மறந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து உறவினர் ஒருவர் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகலாம். மாற்றுத்திறனாளியான அண்ணன், தம்பி, அக்கா, தங்கையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாறுதலிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 2018இல் ஆணை வந்தது. ஆனால், இவையெல்லாம் வளர்ந்து பொறுப்பை ஏற்ற பிறகு வருபவை. பெஞ்சில் இருக்கும் பத்து வயதுக்காரிக்கு இவற்றில் எதுவும் இல்லை.

இதில் அந்தத் தம்பியின் குற்றம் எதுவும் இல்லை. அவனுக்குச் சேர வேண்டிய உதவி சரியாகச் சேராதபோதுதான் மிச்சச் சுமை அக்காவின் தோளுக்கு வருகிறது. பகல்நேரப் பராமரிப்பு மையம் பக்கத்திலேயே இருந்தால், அவள் சனிக்கிழமை தன் தோழிகளோடு விளையாடப் போவாள். ஆகவே முதல் கடமை அரசுக்கும் உள்ளாட்சிக்கும். வட்டார வள மையத்திலேயே மாதம் ஒரு மணி நேரத்தை உடன் வரும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. பள்ளிக்குத் தாமதமாக வருகிறவளை வாசலில் நிறுத்தும் முன், ராத்திரி வீட்டில் என்ன நடந்தது என்று ஆசிரியர் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. “எங்களுக்குப் பிறகு நீதான்” என்பதை ஆணைபோல் அவள் தலையில் வைக்காதீர்கள். காப்பாளர் யார், பணம் எங்கே, எங்கே தங்குவது என்பதையெல்லாம் நீங்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அவள் வளர்ந்ததும் அவள் விருப்பத்தையும் கேளுங்கள்.

சமூகமாக நாம் செய்யும் கொடுமை கல்யாணப் பேச்சில் வெளிப்படுகிறது. பெண் பார்க்க வரும் நாளில் தம்பியைப் பக்கத்து வீட்டில் உட்கார வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அப்படி ஒளிக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது, தம்பியைப் பார்த்ததும் சம்பந்தத்தைக் கைவிட்ட நாம்தான். அந்தப் பழக்கத்தை நம் வீட்டு வரன் பேச்சிலிருந்து விட்டொழிப்போம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் போய் வாருங்கள். தம்பியோடு ஒரு மணி நேரம் நீங்கள் இருங்கள். அக்கா சைக்கிள் ஓட்டிவிட்டு வரட்டும்.