விளையாட்டு வந்துவிட்டது, கணினி எங்கே?

2009 செப்டம்பரில் ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்ன அதிசயம் கிடைத்தது. 1982-இல் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியைப் போனுக்குள் உயிர்ப்பிக்கும் செயலி ஒன்று ஆப் ஸ்டோரில் ஏறியது. செய்தவர்கள் மனோமியோ என்ற சிறு நிறுவனத்தார். உரிமம் வாங்கித்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஆண்டு ஜூனில் ஆப்பிள் அதை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தது. விளையாட்டு இருக்கலாம், பேசிக் இருக்கக் கூடாது. பேசிக் என்பது அந்தக் கணினியில் நாமே நிரல் எழுதுவதற்கான மொழி. மனோமியோ அதை மூடிவைத்து மறுபடி அனுப்பியது, அனுமதியும் கிடைத்தது. ஆனால் பயனர்கள் சும்மா இருப்பார்களா? சில நாட்களிலேயே கொல்லைக் கதவைக் கண்டுபிடித்தார்கள். கணினியை ரீசெட் செய்தால் நீலத் திரையில் ‘ரெடி’ என்ற பழைய சொல் வந்து நின்றது. ஆப்பிள் அந்தச் செயலியைக் கடையிலிருந்து தூக்கிவிட்டது. ஓட்டையை அடைத்த பிறகுதான் உள்ளே விட்டது.

சிரிக்கத்தான் தோன்றும். உலகத்தின் பெரிய நிறுவனங்களில் ஒன்று, 27 வயதுக் கணினியில் பள்ளிப் பிள்ளைகள் தட்டிய இரண்டு வரி நிரலைப் பார்த்து மிரண்டுபோனது. ஆனால் ஆப்பிள் ஒன்றைச் சரியாகவே அடையாளம் கண்டிருந்தது. வீட்டுக் கணினியையும் விளையாட்டுப் பெட்டியையும் பிரிக்கும் கோடு அந்த ‘ரெடி’தான். டிவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி கொடுத்ததை ஆடச் சொல்லும். வீட்டுக் கணினி, சுவிட்சைப் போட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபடி காத்து நிற்கும்.

இன்று கையில் போன் உள்ள எவரும் நாற்பது ஆண்டுப் பழைய விளையாட்டை இரண்டு நிமிடத்தில் இறக்கி ஆடலாம். இதைப் பற்றி வரும் எழுத்தெல்லாம் பெரும்பாலும் பழைய ஞாபகங்களில் நனைந்து கிடக்கிறது. ஞாபகம் இருக்கட்டும். அந்த விளையாட்டுகளைக் கணினியிலிருந்து பிய்த்து எடுத்து, போன் திரையில் இன்னொரு சதுரப் படமாக ஒட்டுவதில் பாதிச் சரக்கு வழியிலேயே சிந்திவிடுகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1982 ஏப்ரலில் வந்தது. விலை 16 கிலோபைட் நினைவகம் உள்ளதற்கு 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளதற்கு 175 பவுண்டு. உறவினர் குழுவில் தினமும் வந்து விழும் ‘காலை வணக்கம்’ ரோஜாப் படம் ஒன்றுகூட அந்த 48 கிலோபைட்டுக்குள் அடங்காது. அதற்குள்தான் லிவர்பூல் பக்கத்து வாலசியைச் சேர்ந்த மாத்யூ ஸ்மித் என்ற பதின்வயதுப் பையன் 20 குகைகள் கொண்ட ‘மேனிக் மைனர்’ விளையாட்டை அடைத்தான். 1983-இல் அது வெளிவந்தது. வாங்கியவர்கள் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, கிறீச்சிடும் சத்தத்தைச் சில நிமிடங்கள் சகித்துக்கொண்டு, பிறகுதான் ஆடினார்கள்.

ஆடியதோடு முடிந்ததா? அங்கேதான் கதை ஆரம்பம். மேனிக் மைனரில் மூன்று உயிர். கால் அரை அங்குலம் தவறினால் ஒன்று போய்விடும். அந்த நாளில் பத்திரிகைகள் ‘போக்’ என்ற கட்டளையை அச்சிட்டன. நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட அறையில் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் திணிக்கும் கட்டளை அது. 35136 என்ற அறையில் சுழியத்தைப் போட்டால் உயிர் குறைவதே இல்லை. ஏமாற்று வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் தட்டிய பிள்ளைக்கு, விளையாட்டு என்பது எண்கள் அடுக்கிய அலமாரி, அதன் எந்த அறையையும் திறந்து பார்க்கலாம் என்று அன்றே புரிந்தது.

அடுத்த ஆண்டு வந்த ‘ஜெட் செட் வில்லி’ இதைவிட வேடிக்கை. பரண் என்று பெயரிட்ட ஓர் அறைக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், பிறகு வேறு சில அறைகளில் கால் வைத்ததும் சாவு. ஓர் அம்பு திரையின் எல்லையைத் தாண்டி நினைவகத்துக்குள் பறந்து, அங்கே இருந்ததைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நிறுவனம் முதலில் அது வேண்டுமென்றே வைத்ததுதான் என்று சாதித்துப் பார்த்தது, பின்னர் பிழையைத் திருத்தும் போக் எண்களை வெளியிட்டது. வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து அந்த எண்களைத் தட்டி விளையாட்டைப் பழுது பார்த்தார்கள். இன்று ஒரு விளையாட்டு நொண்டினால், அப்டேட் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வாங்கியவருக்கு வேறு வேலை இல்லை.

எமுலேட்டர் செய்வது வேஷம் கட்டும் வேலை. போனில் உள்ள மென்பொருள், தான்தான் பழைய இசட்80 சில்லு என்று நடிக்கிறது. பழைய நிரல் ஒரு கட்டளையை நீட்டினால், அந்தச் சில்லு என்ன செய்திருக்குமோ அதைச் செய்து காட்டுகிறது. ஸ்பெக்ட்ரம் சில்லின் வேகம் 3.5 மெகாஹெர்ட்ஸ். இன்றைய போன் சில்லு கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுவது. அதனால் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, வேண்டுமென்றே மெதுவாக நடப்பதுதான் வேலை. நல்ல வேஷக்காரர் குறையையும் சேர்த்து நடிப்பார். ஸ்பெக்ட்ரம் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வண்ணம்தான் நிற்கும். அதனால் பச்சை மரத்தைக் கடக்கும் வீரன் கொஞ்ச நேரம் பச்சையாகிவிடுவான். நல்ல எமுலேட்டர்கள் இந்த வண்ணக் குழப்பத்தைத் துளியும் திருத்துவதில்லை.

போனில் சறுக்குவது வேறிடத்தில். கண்ணாடியின் மேல் வரைந்த விசையை விரல் உணர்வதில்லை, கட்டை விரலோ திரையில் பாதியை மறைத்துவிடுகிறது. மேனிக் மைனர் போன்ற, புள்ளிக் கணக்கில் தாவ வேண்டிய விளையாட்டில் இது கொடுமை. ஓடிஜி கம்பியில் ஒரு பழைய விசைப்பலகையைச் செருகினால் பெரும்பாடு தீர்ந்தது. மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து, முன்னே விசைப்பலகையை இழுத்துப்போட்டு உட்காரும் அந்தக் கோலம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கணினிக்கு முன் உட்கார்ந்த உடம்பு அப்படித்தான் உட்கார்ந்திருந்தது.

நம் ஊருக்கு ஸ்பெக்ட்ரம் அதிகம் வரவில்லை. எண்பதுகளின் பிற்பாதியில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் பெற்று அதை இந்தியாவில் விற்றது. அதற்குச் சற்று முன்பே மத்திய அரசின் பள்ளிக் கணினித் திட்டம் பிபிசி மைக்ரோவைச் சில பள்ளிகளில் வைத்தது. தொண்ணூறுகளில் படித்தவர்களுக்குப் பழைய விளையாட்டு என்றால் டாஸ் இயங்குதளத்தில் ஓடியவைதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நுழையும் குளிரூட்டிய லேப், ஒரு கணினிக்கு மூன்று பேர், திரையில் டேவ் அல்லது பிரின்ஸ். ‘டேஞ்சரஸ் டேவ்’ ஜான் ரொமேரோ முதலில் ஆப்பிள் இரண்டு கணினிக்காக, வட்டில் வரும் ஒரு இதழுக்கென்று 1988-இல் எழுதியது. டாஸுக்கு வந்தது 1990-இல். ஜோர்டன் மெக்னரின் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ 1989. தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவுகளைப் படம் படமாகப் பார்த்து வரைந்ததால்தான் இளவரசனின் ஓட்டத்தில் அப்படியொரு உயிர்.

அந்த லேப்பில் டேவைத் தொட வேண்டுமென்றால் அது எந்த டைரக்டரியில் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘சிடி’ அடித்து உள்ளே போக வேண்டும். பாடத்தில் மனம் ஒட்டாத பிள்ளைகூட டாஸ் கட்டளை கற்றுக்கொண்டது இந்த ஆசையால்தான். பிரின்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்க முடியாதவர்கள், ‘பிரின்ஸ்’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ‘மெகாஹிட்’ என்றும் சேர்த்துத் தட்டினார்கள். அப்போது நிலைகளைத் தாண்டிப் போகும் வழி திறந்தது. அந்த மந்திரம் விளையாட்டுக்குள் இல்லை, அதற்கு வெளியே, கட்டளை வரியில் இருந்தது. போனில் பிரின்ஸின் படத்தைத் தொட்டு நேராக உள்ளே போகிறவருக்கு மெகாஹிட் தட்ட இடமே கிடையாது.

டாஸ் எமுலேட்டர்களைத்தான் ஆப்பிள் அதிகம் அலைக்கழித்தது. ஐடாஸ் என்ற செயலி 2010-இல் வந்த வேகத்தில் வெளியே போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. வெளியிலிருந்து கோப்பைக் கொண்டுவந்து ஓட்ட முடிகிறது என்பதே குற்றம். 2021-இலும் அதே விதியைக் காட்டி, அந்த வசதியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் துரோகம் என்று செய்தவர் மறுத்தார், செயலி கடையை விட்டுப் போனது. 2024 ஏப்ரலில் ஐரோப்பியச் சட்ட நெருக்கடிக்கு நடுவே ஆப்பிள் இறங்கிவந்து பழைய விளையாட்டுப் பெட்டிகளின் எமுலேட்டர்களை அனுமதித்தது. உடனே டாஸ்காரர்களும் வரிசையில் நின்றார்கள். கணினி என்பது விளையாட்டுப் பெட்டி ஆகாது என்ற விளக்கத்தோடு ஜூனில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்! அந்தக் கோடும் ஆகஸ்ட் மாதம் அழிந்தது. விதியில் கணினி எமுலேட்டர்களும் சேர்க்கப்பட்டன.

கண்ட நிரலையும் ஓட விட்டால் நச்சு நிரல் நுழையும் என்ற ஆப்பிளின் கவலையை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் வேஷக் கணினிக்குள் ஓடும் டாஸ் நிரல், செயலிக்கு ஒதுக்கிய கூண்டைத் தாண்டிப் போனின் தொடர்பு எண்களையோ வங்கிக் கணக்கையோ தொட வழியில்லை. ஆண்ட்ராய்டில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை. பதினைந்து ஆண்டு இழுபறிக்குப் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்பதை நம்புவது கடினம். தன் கடை வழியாக வராத எதுவும் தன் கருவியில் ஓடக் கூடாது என்ற எண்ணமும் அதில் உண்டு.

உரிமை விஷயத்தில் எமுலேட்டர் பக்கமும் கை சுத்தமில்லை. இறக்கி ஆடப்படும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை உரிமையாளர் இன்னும் கொடுக்காதவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது. எழுதியவர் ஆயுளும் அதன்மேல் 60 ஆண்டும் பாதுகாப்பு. அந்தக் கணக்கில் மேனிக் மைனர் இலவசமாகும்போது இதைப் படிப்பவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டோம்.

வாங்கலாம் என்றால் விற்கவும் ஆளில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை. கொமடோர் 64 விளையாட்டுகளில் கிடைப்பவை 4.5 சதவீதம்தான். கொமடோர் 1994-இல் திவாலாகி, உரிமைகள் கைமாறிக் கைமாறிச் சிதறின. ஸ்பெக்ட்ரத்தின் விதி நல்ல விதி. 1986-இல் அதை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களோடு அதன் ரோம் நிரலை வழங்கலாம் என்று 1999-இல் சொல்லிவிட்டது. இந்த ஒரு தாராளத்தால் ஆம்ஸ்ட்ராட்டுக்கு ஒரு பவுண்டும் நட்டமில்லை. விற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று பூட்டிவைத்திருக்கும் மற்ற நிறுவனங்கள் இதைப் பார்த்தாவது நடக்கலாம். நடக்காவிட்டால், விற்பனையில் இல்லாத மென்பொருளை நூலகங்கள் ஓடும் நிலையில் வைத்து வழங்கச் சட்டமே வழிவிட வேண்டும்.

உரிமையாளர் கையில் இருந்தால் பத்திரம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரின்ஸின் மூல நிரலைத் தொலைத்தவர் வேறு யாருமில்லை, மெக்னரேதான். 2012-இல் அவருடைய அப்பா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்ப, அதில் வட்டுகள் இருந்தன. பழைய ஆப்பிள் கணினிகளைப் போற்றிவைத்திருந்த ஆர்வலர்கள் வந்து அவற்றைப் படித்துக் கொடுத்தார்கள். மெக்னர் அந்த நிரலை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார். அது தொலைந்து கிடந்த ஆண்டுகளிலும் எமுலேட்டர்களில் இளவரசன் ஓடிக்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே போனில் எமுலேட்டர் போடுகிறவர்கள் முழுக் கணினியாகவே போடட்டும். விளையாட்டை மட்டும் பொட்டலமாகக் கட்டித் தரும் செயலிகள் வேண்டாம். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், முதல் நாள் எந்த விளையாட்டையும் ஏற்றாமல் வெறும் ஸ்பெக்ட்ரத்தை முன்னால் வைக்கலாம். அதில் ‘பி’ விசையை அழுத்தினால் ஓர் எழுத்து வராது, ‘பிரிண்ட்’ என்ற முழுச் சொல்லே வந்து நிற்கும். 10 என்று எண் போட்டு, பிரிண்ட் எடுத்து, மேற்கோள் குறிக்குள் தன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டட்டும். அடுத்த வரியில் 20, கோட்டோ 10. பிறகு ரன். பெயர் மேலிருந்து கீழே அடுக்கடுக்காக இறங்கி 22 வரிகளையும் நிரப்பும். இடம் தீர்ந்ததும் இயந்திரம் நிற்கும். அடியில் ‘ஸ்க்ரோல்?’ என்று ஒரு சொல்லைக் காட்டி, பிள்ளை என்ன சொல்லப்போகிறது என்று காத்திருக்கும்.