ஐம்பத்தெட்டில் ஓர் அரிச்சுவடி

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் பழைய நாட்களைப் பற்றியனவாகவே அமைதல் வழக்கம். யாம் எழுதப் புகுந்ததோ நிகழ்காலப் பொருள் ஒன்று; அதுவும் எமது அறியாமையைப் பற்றியது. ஐம்பத்தெட்டாம் வயதிலே யாம் நால்வர் ரெனிஸ் எனப்படும் வரிப்பந்தாட்டத்தைப் பயிலத் தொடங்கியுள்ளோம். ஆடுகின்றோம் என்னாது பயிலத் தொடங்கியுள்ளோம் என்றெழுதுவது அவையடக்கத்தினாலன்று, உண்மை அதுவாதலின்.

இதற்கு வழிகோலியது ஓர் அந்தியேட்டி. எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் சென்ற ஆண்டு ஓர் அதிகாலையில் நெஞ்சு நோகின்றது என்று சொல்லி, வைத்தியசாலையை அடையுமுன்னரே காலமானார். முப்பத்தோராம் நாட் கிரியைகள் முடிந்து, பந்தியும் எழுந்தபின், அவர் வீட்டு விறாந்தையில் மாட்டியிருந்த 1983 ஆம் ஆண்டு வகுப்புப் படத்தின் முன்னே யாம் நால்வரும் நின்று முகங்களை எண்ணினோம். போரிலே மாண்டவர் இருந்தனர். கடல் கடந்து போனவர் மிகப் பலர். ஆயினும் இறந்தோருள்ளே குண்டுக்கும் ஷெல்லுக்கும் இரையானோரினும் இருதய நோய்க்கும் சலரோகத்துக்கும் இரையானோரே கூடுதலாயினர். இதனை ஒருவர் வாய்விட்டுச் சொன்னபோது ஏனைய மூவரும் தத்தம் வயிற்றை நோக்கினோம். எம்மில் இருவருக்குச் சலரோகம். ஒருவருக்குக் குருதி அமுக்கம். நான்காமவர் தமக்கு ஒரு நோயுமில்லை என்பவர், ஒருகாலும் பரிசோதித்துப் பாராதவர்.

எமது தலைமுறையின் உடல் வரலாறு விசித்திரமானது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது நின்றபோது ஊர் முழுவதும் துவிச்சக்கரவண்டியில் ஏறிற்று. விறகும், நெல்மூட்டையும், நோயுற்ற தாயும் அதன்மேலேதான் சென்றனர். அச்சுவேலியிலிருந்து நகருக்கு நாள்தோறும் மிதித்து வந்து வேலை பார்த்தவரை எமக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் இறுதியில் தென்மராட்சி நோக்கி இரவெல்லாம் நடந்தோம். இவற்றை எவரும் தேகாப்பியாசம் என்று சொன்னதில்லை. ஆயினும் அக்காலத்தில் எம்மில் ஒருவருக்கேனும் தொந்தி இருந்ததாக ஞாபகமில்லை. 2002 இல் கண்டி வீதி திறந்தது. 2009 இல் போர் முடிந்தது. தவணைப் பணத்துக்கு மோட்டார்ச் சைக்கிள் வந்தது. சந்திக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கவும் அதிலேயே போகலானோம். சோற்றின் அளவு மட்டும் துவிச்சக்கரவண்டிக் காலத்து அளவாகவே நின்றுவிட்டது. துன்பம் எமக்குத் தந்த உடலைச் சமாதானம் வாங்கிக்கொண்டது என்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகும். ஆனால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

நடந்தாற் போதாதா, ரெனிஸ் எதற்கு என்று வினவுவோர் உளர். எமது வீட்டாரே வினவினர். நடை நன்று, அதனை இகழ வந்தோமல்லோம். யாமும் மும்முறை நடக்கத் தொடங்கி மும்முறையும் விட்டவர்களே. நடக்கும்போது கால் ஒருபுறம் போக, மனம் மகளின் சீதனக் கணக்கையும் காணி வழக்கையும் சுமந்துகொண்டு இன்னொருபுறம் போகும். மழை தூறினாற் படுத்துவிடலாம், கேட்பார் இல்லை. ரெனிசிலோ எதிர்ப்புறத்தில் ஒருவர் நிற்கின்றார். நாம் போகாவிடில் அவருக்கும் ஆட்டமில்லை. காலை ஐந்தரை மணிக்கு எம்மை எழுப்புவது உடல்நலம் பற்றிய கவலையன்று, மற்றவர் காத்துநிற்பாரே என்னும் கூச்சம். வரும் பந்தோ, அதை அடிக்கும்வரை வேறெதையும் நினைக்க இடந்தராது. ஓடுதல், சடுதியில் நிற்றல், குனிதல், உடலைத் திருப்புதல், கையை வீசுதல் எல்லாம் ஓராட்டத்துள் அடங்கும்.

இனி, யாம் தொடங்கிய கதை. முதலிற் சென்ற கழகமொன்றில், புதிதாகக் கற்க வயது கடந்துவிட்டதென முகத்துக்கு நேரே சொன்னார்கள். அடுத்ததாக, பயன்பாடின்றிக் கிடந்த ஒரு சீமெந்துத் தளத்தைக் கூட்டித் துப்புரவாக்கிக் கோடு கீறிக்கொண்டோம். வலை கடன்; மட்டைகள் கனடாவிலிருந்து வந்த உறவினர் விட்டுச் சென்றவை; பந்துகள் கல்லூரி அணியினர் கழித்தவை. ஆசிரியராக அமைந்தவன் அவ்வணியிலே ஆடும் பதினாறு வயதுப் பையன். எம்முள் ஒருவர் இளைப்பாறிய பௌதிக ஆசிரியர். அப்பையனின் தந்தைக்கும் படிப்பித்தவர். எறியப்பட்ட பொருள் எவ்வாறு வளைந்து விழும் என்பதை முப்பது ஆண்டு கரும்பலகையிற் கீறிக் காட்டிய அவர், தம்மை நோக்கி வந்த முதற்பந்தைக் காற்றிலே தேடினார். பையன் சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “சேர், மட்டையைப் பார்க்காதேங்கோ, பந்தைப் பாருங்கோ” என்றான். “அதைத்தானே, தம்பி, நான் உன்ரை அப்பாவுக்கும் சொன்னனான், கரும்பலகையைப் பார் எண்டு” என்றார் அவர். அன்றிலிருந்து அவர்களிடையே கூச்சம் ஒழிந்தது.

தொடக்கநிலையோர்க்கு ரெனிஸ் கடினமே. ஆடுகளம் 78 அடி நீளம். வலையோ நடுவில் மூன்றடி உயரந்தான், ஆயினும் முதல் மாதத்தில் அது பனையளவு உயர்ந்து தோன்றும். முழுக் களத்தில் இருவர் நின்றால், மூன்றாம் அடிக்குமுன் ஆட்டம் முடிந்துவிடும். அடித்த பந்தினும் பொறுக்கிய பந்தே மிகும். பையன் இதற்கொரு வழி சொன்னான். வலைக்கு இருமருங்கும் உள்ள சிறு கட்டங்களுள்ளே, அதாவது வலையிலிருந்து 21 அடிக்குள்ளே நின்று, மெதுவாகத் தட்டி அனுப்புக என்றான். தொடக்கநிலையோர்க்கெனச் சருவதேச ரெனிஸ் சம்மேளனம் வகுத்த மெதுவான பந்துகளும் உள. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தினும் 75 வீதம் வேகங்குறைந்தது. செம்மஞ்சள் 50 வீதம். பச்சை 25 வீதம். அவை எமக்குக் கிட்டாமையாற் காற்றிறங்கிய பழைய பந்துகளைக் கொண்டே பழகினோம். துள்ளல் குறைந்த பந்து ஆட்டக்காரருக்குக் குப்பை, எமக்கோ குரு. பத்து முறை பந்து வலைக்கு மேலாற் போய் வந்த நாளில், ஐம்பத்தெட்டு வயதினர் நால்வர் சிறுவர் போலக் கூவினோம். அயலில் நின்றோர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தனர்.

எச்சரிக்கையின்றி இதனைப் பரிந்துரைத்தல் தகாது. இரண்டாம் வாரத்தில், உடலைச் சூடாக்காமலே ஓடிய ஒருவருக்குக் கெண்டைக்காற் தசை கிழிந்தது. மூன்று வாரம் வீட்டிலிருந்தார். நடுவயதினர்க்கு இவ்வாறு நேர்வது வழமையாதலின் மருத்துவர் இதற்கு ‘ரெனிஸ் கால்’ என்றே பெயர் வைத்துள்ளனர். முழங்கையின் வெளிப்புறம் நோகும் ‘ரெனிஸ் முழங்கை’ இன்னொன்று. அது மட்டையையே தொடாது மண்வெட்டி பிடிப்போர்க்கும் வரும். ஆகவே முதலிற் பத்து நிமிடம் நடந்து, மெல்ல ஓடி, கைகால் அசைத்த பின்னரே மட்டையை எடுக்க வேண்டும். சலரோகத்துக்கு இன்சுலினோ சீனியைக் குறைக்கும் சில குளிசைகளோ எடுப்போர், ஆடும்போது சீனி மட்டம் மிகத் தாழ்ந்துவிடக்கூடுமாதலின், இனிப்பேதும் கையோடு வைத்திருத்தல் வேண்டும். பக்கவாட்டாக ஓடுவதற்கேற்ற சப்பாத்து இன்றியமையாதது. வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்த்தல் அதனினும் இன்றியமையாதது, உணர்ச்சி குன்றிய பாதத்திற் கொப்புளம் வலிக்காதாதலின். நெஞ்சிலே இறுக்கம் கண்டால் அப்பொழுதே நிறுத்துக. தொடங்குமுன் வைத்தியரைக் காண்க. எம்முள் நான்காமவரும் இதன்பொருட்டே முதன்முறை பரிசோதனைக்குப் போனார். ‘ஒன்றுமில்லை’ என்பதை இப்போது சொல்வதில்லை.

பயன் யாதென ஆய்ந்தோரும் உளர். கோப்பன்கேகன் நகரில் ஏறக்குறைய 8,500 பேரை இருபத்தைந்து ஆண்டுவரை தொடர்ந்து நோக்கி 2018 இல் வெளியிட்ட ஆய்வு, உடலுழைப்பற்றோரினும் ரெனிஸ் ஆடுவோர் 9.7 ஆண்டும், பூப்பந்தாடுவோர் 6.2 ஆண்டும், மெல்லோட்டம் ஓடுவோர் 3.2 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்ததாகக் கணித்தது. ஒன்பதே முக்கால் ஆண்டு கிடைக்குமென்று யாம் நம்பி ஆடவில்லை. ரெனிஸ் ஆடுவோர் பெரும்பாலும் வசதியும் ஓய்வும் உடையோர். நீண்ட ஆயுளுக்கு அவையும் காரணமாகலாம் என்பதை அவ்வாய்வாளரே மறுக்கமாட்டார். ஆயினும், கூட்டாளியோடு ஆடும் ஆட்டங்களே நிரலில் முன்னிற்றல் எமக்குப் பொருளுடையதாகவே படுகின்றது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டுமென 2020 இல் வகுத்தது. வாரத்தில் மூன்று காலை, ஒவ்வொரு மணிநேரம், கணக்குச் சரியாகிவிடும்.

எனினும் எம்மூரிலே ஐம்பது கடந்தோர் இதனுட் புகாதிருப்பதற்குக் காரணம் முழங்காலும் அன்று, பணமும் அன்று என்பதே எமது துணிபு. வெட்கமே காரணம். நாம் கற்பித்தே பழகிவிட்டோம். அதிபர், பொறியியலாளர், கிளாக்கர், வைத்தியர் என ஒவ்வொருவரும் தத்தம் துறையில் ஒருவரும் பிழை சொல்லாத உயரத்துக்கு வந்து சேர்ந்துள்ளோம். அந்த உயரத்திலிருந்து இறங்கி, அரைக்காற்சட்டை அணிந்து, பத்துப்பேர் பார்க்கப் பந்தைத் தவறவிடுதல் எமக்கு மரணத்தினும் கொடிதாகத் தோன்றுகின்றது போலும், மரணத்தையன்றோ தெரிந்தெடுக்கின்றோம். 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்ற இராமநாதன் கிருஷ்ணனின் பெயரை எமது தந்தையர் பெருமிதத்தோடு சொல்லக் கேட்டுள்ளோம். ஆயினும் அவர்களும் மட்டையைத் தொட்டிலர், யாமும் தொட்டிலோம். உத்தியோகத்தர் கழகங்களின் ஆட்டம் அது என்று ஒதுக்கியதில் நியாயம் இருந்தது. இன்று அக்காரணம் செல்லாது.

ஆகவே விழாக்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு நினைவுச் சின்னமாக வளைவு ஒன்று கட்டுவதற்கு நிதி சேர்க்கப்படுகின்றதென அறிகின்றோம். வளைவு அழகாகவே இருக்கும். அதன்கீழ் நுழைவோரை நினைக்குமிடத்தே எமக்கு வேறொன்று தோன்றுகின்றது. ஓடுவதற்கு வேண்டிய வெளியுஞ் சேர்ந்து ஒரு ரெனிஸ் களத்துக்கு 120 அடிக்கு 60 அடி நிலம் போதும். எமது கணக்கில் மூன்று பரப்புக்கும் குறைவு. அதற்கும் பணம் போதாதெனில், மைதானத்தின் வடக்கெல்லையில் பத்தடி உயரச் சுவர் ஒன்றும் அதன் முன்னே சீமெந்துத் தளமும் போதும். சுவரில் மூன்றடி உயரத்தில் வெள்ளைக்கோடு ஒன்று கீறிவிட்டால் அதுவே வலை. சுவரைப் போலப் பொறுமையுள்ள கூட்டாளி இல்லை. எத்தனைமுறை பிழைத்தாலும் அது பந்தைத் திருப்பித் தரும், எவருக்கும் சொல்லாது. பாடசாலை தொடங்குமுன் ஐந்தரை முதல் ஏழு மணிவரை அதனைப் பழைய மாணவர்க்கும், விருப்பமிருப்பின் அவர்தம் மனைவியர்க்கும் திறந்துவிடலாம். மாலையில் அது மாணவருடையது. பிள்ளைகளின் இடத்தை முதியோர் பறித்துக்கொண்டனர் என்ற பேச்சு வராதிருக்கத் திறப்பும் கால அட்டவணையும் அதிபரிடமே இருக்கட்டும்.

இதற்கென யாம் நால்வரும் எமது பங்காக ஒரு தொகையை ஒதுக்கி வைத்துள்ளோம். காலமான நண்பரின் துணைவியாரும் தம் பங்கை எம்மிடம் தந்துள்ளார். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள வகுப்புத் தோழர்க்கு எழுதியிருக்கின்றோம். செயலாளரிடமிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. அதுவரை, செவ்வாய், வியாழன், சனி ஆகிய காலைகளில் அந்தப் பழைய சீமெந்துத் தளத்திலேயே நிற்போம். மேலதிகமாக இரு மட்டைகள் உள. சப்பாத்து மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.