லென்ஸ் இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

வேடந்தாங்கல் போயிட்டு வந்த மறுநாளே உங்களுக்கு ஒரு 150-600 எம்.எம். லென்ஸ் வாங்கத் தோணும். எனக்கும் தோணுச்சு, வாங்கினேன். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’தான். ஆனாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு 18% ஜி.எஸ்.டி.யும் கார்டு பில்லில் வந்துச்சு. வலசைப் பறவைகள் மார்ச்சோட கிளம்பிடுச்சு. தவணை 24 மாசம் ஓடுச்சு.

முதல் சீசனுக்கு ஒரு பைனாகுலர் போதும்ங்க. இ-பேர்டு ஆப் இலவசம். போட்டோ ஆசை தாங்கலைன்னா வார இறுதிக்கு லென்ஸை வாடகைக்கு எடுங்க. பத்து ஞாயிறு விடியற்காலையில் எழுந்து பள்ளிக்கரணை போனீங்கன்னா, அப்புறம் ஆர்.டி. போட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். வாங்கும்போது டார்ச் அடிச்சு உள்ளே பூஞ்சை இருக்கான்னு பாருங்க. பீரோவிலேயே ஒரு மழைக்காலம் கிடந்த என் லென்ஸில் இருக்கு.