பால் கொடுத்தால் அழகு போய்விடுமா?

"பிள்ளைக்குப் பால் கொடுத்தால் மார்பு தளர்ந்துவிடும், அழகு போய்விடும்!" இப்படி ஒரு பேச்சு நம் நாட்டில் வெகுகாலமாக உலவி வருகிறது. கோவில்பட்டிச் சீமையில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பெண்கள் முதல் பட்டணத்தில் படித்த பெண்கள் வரை பலரும் இதைக் கேட்டிருப்பார்கள். இதை நம்பித் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப் பாலைத் தேடும் தாய்மாரும் உண்டு.

இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறதா? இல்லை!

தளர்வது ஏன்?

மார்பகத்தில் பால் சுரப்பிகளும் கொழுப்பும் நிறைந்திருக்கின்றன. மெல்லிய நார்களும் தோலும் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. இந்த நார்களும் தோலும் நெகிழ்ந்தால் மார்பு தளரும்.

கரிசல் மண்ணைப் பாருங்கள். மழை பெய்தால் உப்புகிறது. கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மார்பகமும் கர்ப்ப காலத்திலேயே பெருக்கிறது, பிறகு சுருங்குகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் இந்த மாறுதல் உண்டு.

அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழக டாக்டர்கள் இதை ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். வயது, உடல் பருமன், பல முறை கருத்தரிப்பது, இயல்பிலேயே பெரிய மார்பு, புகை பிடிப்பது ஆகியவற்றையே காரணங்களாகக் கண்டார்கள். பால் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

என்ன செய்யலாம்?

உடல் எடை திடீரென்று ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைப் பேறுகளுக்கு இடையே போதிய இடைவெளி வேண்டும். புகை கூடாது. அளவான உள்ளாடை பாரத்தைத் தாங்கி, வலியைக் குறைக்கும். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தேகப் பயிற்சி, மார்பகத்துக்கு அடியிலுள்ள தசைக்கு உரம் தரும். ஆனால், தளர்ந்த மார்பை இவை பழையபடி நிமிர்த்திவிடாது.

தைலம், களிம்பு என்று விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். பூசும் மருந்தால் நெகிழ்ந்த நார் இறுகாது. அறுவை சிகிச்சையால் உயர்த்த முடியும். ஆனால் தழும்பு இருக்கும். பின்னால் பால் கொடுப்பதிலும் சிரமம் வரலாம்.

எது ஆபத்து?

தளர்வது நோய் அல்ல. மார்பில் கட்டி, தோலில் குழி, புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் புற்றுநோயையும் குணப்படுத்தலாம். பால் கொடுத்த தாய்மாருக்கு மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதையும் டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள்.

தாய்க்கு நேரம் கொடுங்கள்!

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்? குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, பால் கொடுக்கத் தினமும் இரண்டு முறை இடைவேளை தரவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 2015-இல் தமிழகப் பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன.

சட்டம் இருந்தால் போதாது. ஆலை முதலாளி அந்த இடைவேளையை மனமுவந்து தரவேண்டும். வீட்டிலே மாமியாரும் கணவனும் வேலையைப் பகிர்ந்துகொண்டு, பெற்றவளுக்கு நல்ல ஆகாரமும் ஓய்வும் கொடுக்கவேண்டும். "அழகு போச்சு" என்று கேலி பேசும் வாய்கள் மூடவேண்டும்.

வயதானால் தலை நரைக்கிறது. அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை. மார்பு தளர்வதும் அப்படித்தான். அதற்குப் பயந்து பச்சைக் குழந்தையின் உணவைப் பறிக்கலாமா?