கோல் போட்டும் கோல் இல்லை! ரெப்ரி தப்பு செய்தால் யார் கேட்பது?

பேரேட்டில் கூட்டல் தப்பினால் குமாஸ்தாவுக்கு மெமோ வருகிறது. கல்லாவில் பணம் குறைந்தால் கடைப்பையன் பதில் சொல்ல வேண்டும். ஆனால், 60 ஆயிரம் பேர் கண் எதிரே கால்பந்து நடுவர் தப்பு செய்தால்? 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று சொன்னால் தீர்ந்ததா?

இந்தக் கேள்வியை உலகம் முழுக்கக் கிளப்பிவிட்டது லண்டனில் 2023 செப்டம்பர் 30-ந்தேதி நடந்த ஒரு பிரிமியர் லீக் ஆட்டம்.

என்ன நடந்தது?

டோட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதின. 34-வது நிமிடம். லிவர்பூல் வீரர் லூயிஸ் டயஸ் பந்தை வலைக்குள் தள்ளினார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். ஆப்சைடு என்று கோலை மறுத்தார் நடுவர் சைமன் ஹூப்பர்.

சரி, போனால் போகிறது, வீடியோ நடுவர் இருக்கிறாரே! தனி அறையில் உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. அவரும் பார்த்தார். ஆப்சைடே இல்லை. சுத்தமான கோல்!

இங்கேதான் கூத்து. மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பார்த்தாச்சு, தீர்ப்பு சரி என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஆப்சைடு தீர்ப்புதான் சரி என்று ஹூப்பர் எடுத்துக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியாச்சு!

சில விநாடிகளில் படம் ஓட்டும் ஊழியர் தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆட்டத்தை நிறுத்தும்படி இன்னொரு குரலும் வந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் பழைய தீர்ப்பை மாற்றக்கூடாது என்பது விதி. ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார் வீடியோ நடுவர்.

2 பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, 9 பேரோடு ஆடிய லிவர்பூல் கடைசி நிமிடத்தில் சொந்த கோல் போட்டு 2-1 என்று தோற்றது.

மன்னிப்பு போதுமா?

அன்று இரவே நடுவர்கள் அமைப்பு, இது பெரிய மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது. 3 நாளில் அந்த அறையில் நடந்த பேச்சின் ஒலிப்பதிவையும் வெளியிட்டது. வீடியோ நடுவரும் அவரது உதவியாளரும் அடுத்த பணிகளில் இருந்து மாற்றப்பட்டார்கள். இருவரும் 2 நாள் முன்புதான் அரபு எமிரேட்சுக்குப் போய் ஒரு போட்டியில் பணிபுரிந்து திரும்பியவர்கள் என்பதும் தெரிய வந்தது. அந்தக் களைப்போடு உட்கார வைத்தது யார்? நியாயமான கேள்விதானே!

லிவர்பூல் பயிற்சியாளர் குளோப், ஆட்டத்தை மறுபடி நடத்தினால் என்ன என்றார். நடக்கவில்லை. போன புள்ளி போனதுதான்.

எந்திரம் வந்தும்...

2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக லம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. நடுவர் கோல் கொடுக்கவில்லை. அதன் பிறகே, 2012-ல் கோல் கோட்டை எந்திரம் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆப்சைடு பார்க்கவும் 2025 ஏப்ரலில் பிரிமியர் லீக்கில் புதிய கருவி வந்தது. வீடியோ நடுவரே வேண்டாம் என்று ஒரு கிளப் 2024-ல் தீர்மானம் கொண்டுவந்தது. 19-க்கு 1 என்று தோற்றது.

ஆனால் டயஸ் விஷயத்தில் எந்திரம் தப்பு செய்யவில்லை. படம் சரி, கோடு சரி. ஒரு மனிதர் சொன்னது இன்னொருவருக்கு வேறு மாதிரி கேட்டது! கருவி எத்தனை வந்தாலும் இந்த வியாதிக்கு மருந்து தெளிவான பேச்சுதான். அதனால்தான், தீர்ப்பை வெளியே சொல்லும் முன் உதவியாளரோடு சரிபார்க்க வேண்டும் என்று பிறகு விதித்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை!

நடுவரும் மனிதரே

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே 2023-ல் ஐரோப்பா லீக் இறுதி ஆட்டத்தை நடத்திய அந்தோணி டெய்லரை, புடாபெஸ்ட் விமான நிலையத்தில் தோற்ற அணியின் ரசிகர்கள் குடும்பத்தோடு சூழ்ந்துகொண்டு வசை பாடினார்கள். இங்கிலாந்தில் சின்ன மைதான நடுவர்கள் மார்பில் கேமரா கட்டிக்கொண்டு விசில் ஊதும் நிலை வந்தது. அடி உதைக்குப் பயந்து நல்லவர்கள் ஒதுங்கினால், நாளைக்கு விசில் ஊத யார் வருவார்?

தெரியாமல் செய்த தப்பு வேறு. காசு வாங்கிச் செய்யும் தப்பு வேறு. ஜெர்மனியில் பணம் வாங்கி ஆட்டத்தைத் திருப்பிய நடுவர் ஹோய்சர் 2005-ல் சிறைத்தண்டனை பெற்றார். அது நியாயம். ஆனால் கண் தவறியவருக்கும் தூக்குமேடையா?

பதில் சொல்லட்டும், போதும். என்ன பார்த்தோம், ஏன் தவறினோம், இனி எப்படித் தடுப்போம் என்று 3 நாளில் ஒலிப்பதிவோடு சொன்னார்களே, அதை ரகளை நடந்த ஆட்டத்துக்கு மட்டும் செய்யாமல் எல்லா ஆட்டத்துக்கும் செய்யட்டும். டிக்கெட் வாங்கியவன் கேட்பது அவ்வளவுதான்!