முதலில் எதைப் பதிவு செய்வது?

கலியாணமாகி இருபத்திரண்டு வருஷங்களில் நாமும் நம் மனைவியும் செய்திருக்கும் பிரயாணங்களுக்கெல்லாம் ஒரு பொது லட்சணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு யாராவது காரணமாயிருந்தார்கள். மைத்துனன் கலியாணம், பெரியப்பாவின் சதாபிஷேகம், குழந்தைக்கு முடியிறக்கம், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வந்த தந்தி போன்ற ஒரு டெலிபோன். ஊர் பார்ப்பதற்காகவே ஓர் ஊருக்கு நாங்கள் இருவரும் போனது கிடையாது. சென்ற வருஷம் மகள் கல்லூரி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. அப்பொழுதுதான் ஒரு மாலைப் பொழுதில், பல வருஷங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த தொகையை எடுத்து எண்ணிப் பார்த்து, "இத்தாலி தேசத்துக்குப் போய் வரலாமா?" என்று கேட்டோம்.

இத்தாலியை நாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் மனைவி படித்த கன்னிமாடப் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் லியனார்டோ டா வின்சி வரைந்த 'கடைசி இராப்போஜனம்' சித்திரத்தின் அச்சுப் படம் ஒன்று மாட்டியிருந்ததாம். ஏழு வருஷம் தினமும் அதன் கீழே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டவள், அதன் அசலை ஒரு முறையாவது பார்க்கவேண்டும் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அசலும் ஒரு சாப்பாட்டு மண்டபத்தின் சுவரில்தான் இருக்கிறது. மிலான் நகரத்தில், ஒரு பழைய மடத்தில்.

நாம் உபாத்தியாயர். எந்தக் காரியத்தையும் பீரியட் பீரியடாகப் பிரித்துப் போட்டால்தான் நமக்குத் தூக்கம் வரும். ஆகையால் ஒரு வாரம் பூகோளப் படத்தின் மேல் குனிந்து கிடந்து, பதினொரு இரவில் ஒன்பது நகரங்களைப் பார்த்துவிடும்படி அற்புதமான அட்டவணை ஒன்று தயாரித்தோம். நம் மனைவி அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"எல்லாம் சரிதான். இதிலே நாம் உட்காருவது எந்தப் பீரியட்?" என்று கேட்டாள்.

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில் அந்தக் கேள்வியிலே கணக்கு இருப்பது தெரிந்தது. விடுதி அறையைக் காலை பத்து பதினோரு மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊர் விடுதியில் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை திறப்பார்கள். நடுவிலே ரயில், மூட்டை முடிச்சு, வழி விசாரிப்பு. ஓர் ஊர் மாறினால் அரை நாள் போயிற்று. ஒன்பது ஊரென்றால் எட்டு மாற்றம். அதாவது நான்கு நாட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கே செலவாகும். ஐந்து நகரங்களை அடித்தோம். ரோமாபுரியில் நான்கு இரவு, புளோரன்ஸில் மூன்று, வெனிஸில் மூன்று, கடைசியாக மிலானில் ஒன்று என்று மிஞ்சியது.

இந்த நான்கையும் வந்த வழியே திரும்பாமல் வரிசையாகப் பார்த்துவிடலாம். ஆகவே ரோமாபுரியில் இறங்கி மிலானில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுத்தோம். போய் இறங்கிய இடத்துக்கே திரும்பிவர வேண்டும் என்று பலர் எண்ணிக்கொண்டு ஒரு நாளை வீணாக்குகிறார்கள். அப்படி ஒரு நியமமும் இல்லை. இன்னொன்று: நடுவில் ஓரிடத்தில் விமானம் மாறவேண்டியிருந்தால், இரண்டு பகுதியும் ஒரே டிக்கெட்டாக இருப்பது நலம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சில ஆயிரம் மிச்சம் பிடிக்கலாமென்று தனித்தனியே வாங்கினால், அந்தப் பொறுப்பு நம் தலையில் வந்து விழும்.

இனி விசா. இத்தாலி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் பிரயாணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கு உள்ளே வந்துவிட்டால் பொதுவாக விண்ணப்பிக்க இயலாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸ் வேண்டும். பல தேசங்களுக்குப் போகிறவர்கள் எந்த தேசத்தில் அதிக நாள் தங்குகிறார்களோ அந்த தேசத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் தேசத்திடம். எங்கே தங்குவீர்கள், எப்படித் திரும்புவீர்கள் என்பதற்கும் அத்தாட்சி கேட்பார்கள். ஆகையால் விசா கையில் வரும் வரையில், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலேயே விமானத்தையும் விடுதியையும் பதிவு செய்வது விவேகம். இதற்குச் சிறிது அதிகமாகக் கேட்பார்கள். அந்த அதிகத்தை நாம் செலவாகக் கருதவில்லை. நிம்மதியின் விலை என்று கருதினோம்.

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு தனிச் சங்கடமும் உண்டு. அதுதான் இனிஷியல்! ரேஷன் அட்டையில் முன்னால் நிற்கும் எழுத்து, வங்கிக் கணக்கில் பின்னால் போய்விடுகிறது; பாஸ்போர்ட்டிலோ அது தகப்பனார் பெயராக முழு உருவம் எடுத்துவிடுகிறது. விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், விசா யாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கவேண்டும். ரோமாபுரியின் கொலோசியம் அரங்கத்துக்குக்கூட 2023-லிருந்து பெயர் போட்ட டிக்கெட்தான். வாசலில் அடையாளச் சீட்டைக் காட்டச் சொல்வார்கள். நாம் ஒரு காகிதத்தில் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு முறை எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு எல்லாப் பதிவுக்கும் அந்தக் காகிதமே மூலபாடம்.

ரயில் விஷயத்தில் நம் நாட்டு அனுபவம் கொஞ்சம் இடறிவிடும். நம் ரயில்களில் 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்தது. முன்பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது என்பதுதான் நமக்குப் பயம். அங்கே பெரும்பாலும் பயப்படவேண்டியது விலையைக் குறித்து. பெரிய நகரங்களுக்கிடையே ஓடும் அதிவேக ரயில்களில் மாதக்கணக்கில் முன்னதாக வாங்கினால் சொற்ப விலை. புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஏறும். ரோமாபுரியிலிருந்து புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணிக்குச் சற்று மேல். ஆனால் மலிவிலும் மலிவான டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகும் சாதாரண ரயில்களுக்கோ எப்போது வாங்கினாலும் ஒரே கட்டணம். அவற்றுக்கு முன்கூட்டி அலையவேண்டிய அவசியமே இல்லை.

முன்னதாகப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாகப் புறப்படும் இந்த வழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1841-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி, இங்கிலாந்தில் தாமஸ் குக் என்ற மதுவிலக்குப் பிரசாரகர், தலைக்கு ஒரு ஷில்லிங் வீதம் சுமார் 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃபரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ரயிலில் அழைத்துப் போனார். குடியை ஒழிக்கப் புறப்பட்டவர், உல்லாசப் பிரயாணத் தொழிலுக்குத் தகப்பனாரானார். 1860-களில் இத்தாலிக்கே கூட்டம் கூட்டமாக ஜனங்களை அழைத்துப் போய், உள்ளூரிலேயே பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டால் அயலூர் விடுதியில் அந்தச் சீட்டைக் கொடுத்துத் தங்கலாம் என்ற ஏற்பாட்டையும் செய்தார். அவர் ஸ்தாபித்த பிரிட்டிஷ் கம்பெனி 178 வருஷம் நடந்து, 2019 செப்டம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டது. (இந்தியாவில் அதே பெயருடன் நடக்கும் கம்பெனி அதற்கு முன்பே தனியாகிவிட்டது, அதற்கு இதில் சம்பந்தமில்லை.) அன்று பிரிட்டிஷ் பிரயாணிகள் மட்டும் சுமார் 1,50,000 பேர் அயல்நாடுகளில் இருந்தார்கள். அரசாங்கம் விமானங்களை அனுப்பி அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. முன்பதிவு என்பது, இன்று பணத்தைக் கொடுத்து நாளைக்கு ஒருவருடைய வாக்கை வாங்குவது. எந்த வாக்குக்கு என்ன பாதுகாப்பு என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஒரே இடத்தில் மொத்தப் பணத்தையும் கட்டுகிறவர்கள், கம்பெனி நொடித்துப் போனால் பணத்துக்கு யார் உத்தரவாதம் என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

இவ்வளவு ஞானமும் நமக்கு வந்துவிட்டதல்லவா? விசாவும் வந்தது. அதன் பிறகு நாம் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

வாட்டிகன் காட்சிசாலை பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் கிடையாது என்று தெரிந்து வெள்ளிக்கிழமைக்கு வாங்கினோம். புளோரன்ஸில் உபீஸி சித்திரசாலைக்கும், மைக்கேல் ஏஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காடமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய், புதன் என்று பிரித்துப் போட்டோம். ரயில் டிக்கெட்டுகளை மலிவாக வாங்கிவிட்டோமென்று மார்தட்டிக்கொண்டோம். ஞாயிறு பிற்பகல் மிலான் போய்ச் சேர்ந்து, திங்கட்கிழமை சித்திரத்தைப் பார்த்துவிட்டு, அன்றிரவே விமானம் ஏறுவது என்று திட்டம். எல்லாம் முடிந்த பிறகு, அந்தச் சித்திரத்துக்கு டிக்கெட் வாங்குவதற்காகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை அதற்கும் விடுமுறை!

நம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலையாயிருந்திருக்கும். சற்று நேரம் கழித்து, "போகட்டும், அச்சுப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேனே" என்றாள். அந்த வார்த்தை நமக்குச் சுருக்கென்று தைத்தது. நமக்குப் பிடித்த அரங்கம், நமக்குப் பிடித்த சிலை எல்லாவற்றுக்கும் கிழமை பார்த்து முதலில் டிக்கெட் வாங்கியிருக்கிறோம். எதைப் பார்ப்பதற்காக இந்தப் பிரயாணமே உண்டாயிற்றோ அது அட்டவணையின் கடைசி மூலையில், மிச்சமிருந்த நாளில் கிடந்தது. நாள் வரிசைப்படி அது கடைசிதான். ஆசை வரிசைப்படி அதுதான் முதல். நாள் வரிசையைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்ததுதான் நம் தவறு.

அந்தச் சித்திரத்தின் விஷயமோ அலாதியானது. ஈரச் சுண்ணாம்பில் வரையாமல் உலர்ந்த சுவரின் மேல் லியனார்டோ வரைந்தபடியால், அவர் காலத்திலேயே அது உதிரத் தொடங்கியது. 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து மண்டபம் இடிந்தபோது, மணல் மூட்டைகள் அடுக்கிக் காத்த அந்தச் சுவர் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் நடந்த புதுப்பிப்பு வேலை 1999-ல் முடிந்தது. தூசியும் ஈரமும் பட்டுவிடாதபடி, இன்று சிறு சிறு கூட்டமாக, தடவைக்குப் பதினைந்தே நிமிஷம் உள்ளே விடுகிறார்கள். முன்பதிவின்றிப் போவோருக்கு இடம் கிடைப்பதில்லை. டிக்கெட்டுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வெளியிடுகிறார்கள். அவை வெகு சீக்கிரம் தீர்ந்து போகின்றன.

அன்றிரவே கம்ப்யூட்டரில் மற்ற நாட்களையெல்லாம் துழாவினோம். ஞாயிறு காலைக்குச் சில இடங்களே மீதியிருந்தன. இரண்டை வாங்கினோம். வெனிஸ் விடுதியில் ஓர் இரவைக் குறைத்தோம். ரத்து செய்யக் கூடிய பதிவாதலால் நஷ்டமில்லை. மிலானில் ஓர் இரவைக் கூட்டினோம். ஆனால் மார்தட்டி வாங்கிய வெனிஸ்-மிலான் ரயில் டிக்கெட்டு இரண்டும் வெறும் காகிதமாயின. சனிக்கிழமைக்குப் புதிதாக வாங்கினோம், முன்னைவிட அதிக விலைக்கு. அதை நம் பாடத்துக்குச் செலுத்திய சம்பளமாக வரவு வைத்துக்கொண்டோம்.

ஆகவே, தம்பதிகளாகப் புறப்பட எண்ணும் நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பூகோளப் படத்தைத் திறக்குமுன் இரண்டு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் தனித்தனியே, ஒருவருடையதை ஒருவர் பார்க்காமல், 'இதைப் பார்க்காவிட்டால் வருத்தப்படுவேன்' என்று தோன்றுவதை ஒன்றோ இரண்டோ மாத்திரம் எழுதுங்கள். அவற்றின் விடுமுறைக் கிழமை என்ன, எப்போது டிக்கெட் விற்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதைச் சுற்றி நாட்களை அமையுங்கள். நாட்களைச் சுற்றி விடுதிகளை அமையுங்கள். ரயில் கடைசியில் வரட்டும். மற்றவற்றுக்கு இடம் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் ஒரு காபியைக் குடித்துவிட்டு வேறு வீதியில் நடக்கலாம்.

இப்போது நம் அட்டவணையில் வெனிஸுக்கு எதிரே வெள்ளிக்கிழமை முழுவதும் வெறுமையாயிருக்கிறது. அங்கே பகலில் மட்டும் வந்து போவோரிடம் 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். இரவு தங்குவோருக்கு விலக்கு உண்டு. அதற்கும் முன்னதாக எழுதித் தெரிவிக்கவேண்டும். அதைத் தெரிவித்தாயிற்று. வேறொன்றும் அன்றைக்குப் பதிவு செய்யவில்லை. நம் கை பழக்க தோஷத்தால் ஒரு மாதா கோயிலையும் ஒரு படகுச் சவாரியையும் அந்தக் கட்டத்தில் எழுதப் போயிற்று. நம் மனைவி பென்ஸிலை வாங்கி, அவற்றை அடித்துவிட்டு, பள்ளிக்கூடத்து எழுத்தில் எழுதினாள்: "உட்காரும் பீரியட்."