முதலீட்டுப் பட்டியலில் இடம் கிடைக்காத மரத்தூசு

எமது ஊர்களில் வீட்டோடு சேர்ந்த மரவேலைப் பட்டறை ஒன்றும் புதிய விடயமல்ல. பின்வளவில் நான்கு தூண், மேலே தகரம், ஒரு வட்டவாள் மேசை, ஒரு பிளேனர், ஒரு சாண்டர். இவ்வளவும் இருந்தால் கட்டில், அலுமாரி, கதவு, ஜன்னல் என்று எந்த ஓடரையும் துணிந்து எடுக்கலாம். கடை வாடகை இல்லை, போக்குவரத்துச் செலவு இல்லை, வேலை முடிந்தால் வீட்டுக்குள்ளேயே சாப்பாடு. குறைந்த முதலில் ஆரம்பிக்கக் கூடிய நல்ல தொழில் இது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தளபாட வியாபாரத்தோடு நீண்ட காலமாகத் தொடர்புடையவன் என்ற வகையில் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தொழிலை ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஆலோசனை கேட்டு என்னிடம் கொண்டு வரும் முதலீட்டுப் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். இயந்திரம், பலகை, மின் இணைப்பு, கூலி, லொறி வாடகை எல்லாம் அதில் இருக்கும். தூசை உறிஞ்சி அகற்றுவதற்கென்று ஒரு சதம் கூட இருக்காது. ஏன் என்று கேட்டால், "அதெல்லாம் பெரிய பெக்டரிகளுக்குத் தானே, எங்களுக்கு விளக்குமாறு போதும்" என்பார்கள்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. பெரிய தொழிற்சாலையின் மரத்தூசு பெரும்பாலும் தொழிற்சாலைக்குள் கிடக்கும். வீட்டுப் பட்டறையின் தூசோ அடுப்படிக்கும் போகும், படுக்கையறைக்கும் போகும், பிள்ளையின் தொட்டிலுக்கும் போகும். ஆகவே இது சிறியவனுக்கு முதலில் வேண்டியது. இரண்டாவது இயந்திரத்தை வாங்கு முன் வாங்க வேண்டியது.

கண்ணுக்குத் தெரியாத தூசு

பிளேனரிலிருந்து குவியும் சீவலும் வாளிலிருந்து கொட்டும் தூளும் கண்ணுக்குத் தெரியும். அவை தரையில் விழும், கூட்டி அள்ளலாம். ஆபத்தானது அதுவல்ல. சாண்டரில் இருந்து எழும் மெல்லிய தூசுதான் ஆபத்தானது. 10 மைக்ரோனுக்கும் குறைந்த துகள் என்றால், அது தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு அளவு கூட இல்லை. அசையாத காற்றில் 10 மைக்ரோன் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு இறங்கப் பத்து நிமிடம் வரை எடுக்கும். 1 மைக்ரோன் துகளுக்கு அரை நாளும் போதாது. பகலில் வேலையை நிறுத்தி விட்டு மஃரிபுக்குப் பிறகு கொட்டகையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர், காலையில் எழுந்த தூசைத்தான் சுவாசித்துக் கொண்டிருக்கிறார்.

இது வெறும் தும்மல் விவகாரமல்ல. இங்கிலாந்தில் தளபாட உற்பத்திக்குப் பேர்போன ஹை வைக்கம் பகுதியில், மூக்கின் உட்பகுதியில் ஏற்படும் அரிதான ஒரு புற்றுநோய் மரவேலைக்காரர்களிடையே அசாதாரணமாகக் காணப்படுவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். 1968இல் அது பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஆய்வாக வெளிவந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் முதலாம் வகைப் பொருட்களில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அஸ்பெஸ்டஸும் இருப்பது அதே வகையில்தான். எம்.டி.எப். பலகையின் பசையில் உள்ள போர்மல்டிஹைட்டும் அதே வகையைச் சேர்ந்தது. புற்றுநோய் அரிது என்று ஒதுக்கினாலும் ஆஸ்துமா அரிதல்ல. ஏனைய தொழிலாளரை விடத் தச்சருக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று பிரித்தானியத் தொழில் பாதுகாப்பு அதிகார சபை சொல்கிறது. முதிரையை அறுத்தவர்களுக்கு அதன் தூள் தோலில் தரும் அரிப்பு பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு தூசு அதிகம்? 2020 முதல் பிரித்தானியாவில் வன்மரத் தூசுக்கான எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 3 மில்லிகிராம். தேக்கு, பலா, மஹோகனி, முதிரை என்று நாம் பாவிக்கும் நல்ல மரங்கள் யாவும் வன்மரங்களே. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையை எடுத்துக் கொள்வோம். கூரை ஒன்பது அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 30 கன மீற்றர் காற்று. அந்த அறை முழுவதும் எல்லையைத் தொட 90 மில்லிகிராம் தூசு போதும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகைக்குள் அது அடங்கி விடும். ஒரு கதிரைக் காலைத் தேய்க்கும் போது எத்தனை சிட்டிகை பறக்கிறது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விளக்குமாறும் கம்ப்ரஷரும் தீர்வல்ல

உலர்ந்த தரையை விளக்குமாற்றால் கூட்டும் போது, படிந்திருந்த மெல்லிய தூசு மீண்டும் காற்றில் ஏறுகிறது. அதை விட மோசமானது கம்ப்ரஷர் காற்றால் மேசையையும் உடுப்பையும் ஊதுவது. அப்படி ஊதினால் தூசு இடம் மாறுகிறதே தவிர அகலுவதில்லை.

முகக்கவசம் வேண்டும்தான். ஆனால் துணிக் கவசமும் சத்திரசிகிச்சைக் கவசமும் இதற்குப் போதாது. 2020இல் கொரோனா காலத்தில் நாமெல்லாம் பெயர் தெரிந்து கொண்ட என்95 போன்றவைதான் பயன்படும். அதிலும் ஒரு விடயம் உண்டு. அந்தக் கவசம் முகத்தோடு இடைவெளியின்றி ஒட்டினால்தான் வேலை செய்யும். தாடி வைத்தவருக்கு அது சரியாக ஒட்டாது, ஓரத்தால் தூசு உள்ளே போகும். எம்மவர்களில் பலர் தாடி வைத்தவர்கள். ஆகவே முகக்கவசத்தை மாத்திரம் நம்புவது எமக்குப் பொருந்தாது. தூசு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பதுதான் வழி.

எதை வாங்குவது?

இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். தூசு உறிஞ்சும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று வேர்க்ஷொப் வெக்கியூம். இதன் உறிஞ்சும் வேகம் அதிகம், இழுக்கும் காற்றின் அளவு குறைவு. சாண்டர், ரவுட்டர் போன்ற கைக்கருவிகளுக்கு இது பொருத்தம். மற்றது பெரிய விசிறியும் பையும் கொண்ட டஸ்ட் கலெக்டர். வேகம் குறைவு, காற்றின் அளவு மிக அதிகம். பிளேனருக்கும் வாள் மேசைக்கும் இதுதான் வேண்டும். பிளேனருக்கு வெக்கியூமைப் பொருத்தினால் சிறிது நேரத்தில் சீவல் அடைத்துக் கொள்ளும். சாண்டருக்கு டஸ்ட் கலெக்டரைப் பொருத்தினால் அதன் சிறு துவாரத்தினால் போதிய காற்று வராது.

டஸ்ட் கலெக்டர் வாங்கும் போது குதிரைவலுவை மட்டும் கேட்காமல் பையின் துணியைக் கேளுங்கள். மலிவான பைகள் 30 மைக்ரோனுக்கு மேற்பட்டதைத்தான் பிடிக்கும். தரை பளிச்சென்று இருக்கும், ஆனால் நெஞ்சுக்குள் போகும் தூசை அந்தப் பை வடித்தெடுத்து அறை முழுவதும் பரப்பிக் கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், அதை விட இயந்திரம் இல்லாமல் திறந்த வெளியில் வேலை செய்வது மேல். 1 மைக்ரோன் வரை பிடிக்கும் வடிகட்டியாகப் பாருங்கள். விசிறிக்கு முன்னால் ஒரு சைக்ளோன் அல்லது மூடி போட்ட பீப்பாய் இருந்தால் பாரமான தூளும் சீவலும் அதிலேயே விழுந்து விடும். வடிகட்டி விரைவில் அடைபடாது, பலகையில் இருந்து வந்த ஆணி விசிறியில் மோதித் தீப்பொறி பறக்காது.

குழாய் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. சீவலைச் சுமந்து செல்லக் காற்று நிமிடத்துக்கு 4000 அடி வேகத்தில் ஓட வேண்டும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. நான்கு அங்குலக் குழாயில் அதற்கு நிமிடத்துக்கு 350 கன அடி காற்று தேவை. குழாய் எவ்வளவு குட்டையோ, எவ்வளவு நேரானதோ அவ்வளவு நல்லது. ஒரு மூலையில் 90 பாகை எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை பென்ட் போடுங்கள். நெளிவுக் குழாய் உட்புறம் வரிவரியாக இருப்பதால் காற்றை இழுத்துப் பிடிக்கும். கடைசி இரண்டு மூன்று அடிக்கு மட்டும் அதைப் பாவியுங்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அடைப்புக் கதவு வைத்து, ஓடும் இயந்திரத்தின் கதவை மட்டும் திறந்து விடுங்கள். வாள் மேசையின் அடிப்பக்கம் திறந்திருந்தால் பலகையால் பெட்டி அடித்து மூடி, அதில் குழாயைப் பொருத்துங்கள்.

தீ பற்றிய கவனமும் வேண்டும். காற்றில் மிதக்கும் மரத்தூசு வெடித்துத் தீப்பற்றக் கூடியது. இரும்பு அரைக்கும் கிரைண்டரை ஒருபோதும் அதே குழாயில் இணைக்காதீர்கள். இயந்திரத்துக்குப் புவித்தொடுப்பு இருக்க வேண்டும். பையை நாள்தோறும் வெறுமையாக்குங்கள்.

செலவா, முதலா?

"இதெல்லாம் செலவு" என்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். இரண்டு பேர் நாளுக்கு அரை மணி நேரம் கூட்டித் துடைத்தால் ஒரு வேலை மணி போகிறது. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 25 மணி, அதாவது மூன்று நாட்கூலி. வார்னிஷ் காயு முன் தூசு படிந்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் பூசும் அலுமாரிகளின் செலவை இதோடு சேருங்கள். தூசு அடைத்துச் சூடேறி எரியும் மோட்டாரின் செலவையும் சேருங்கள். மறுபுறம் 2 குதிரைவலு கலெக்டர் அறுக்கும் நேரம் மட்டும், நாளுக்கு இரண்டு மணி ஓடினால் மூன்று நான்கு யூனிட் மின்சாரம்தான்.

பிடித்த தூளுக்கும் விலை உண்டு. கோழிப் பண்ணைக்காரர் சீவலை வாங்குவார், காளான் வளர்ப்பவர் றப்பர் மரத்தூளைத் தேடுவார். ஆனால் எம்.டி.எப். தூளையும் மருந்திட்ட பலகையின் தூளையும் இதில் கலந்து விற்பது பெரும் தவறு. அவற்றை வேறாகச் சேருங்கள்.

சட்டமும் இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலையாட்களைத் தூசிலிருந்து பாதுகாக்கும் பொறுப்பை உரிமையாளர் மீது சுமத்துகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்தவர் "இது வீடுதானே" என்று சொல்லித் தப்ப நினைக்கக் கூடாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் என்ற ஒன்றும் உண்டு. இயந்திரம் வாங்க முன்னரே உங்கள் பிரதேச சபையில் அது பற்றி விசாரித்துக் கொள்ளுங்கள். பத்து பேர்ச் காணிகள் நெருங்கிக் கிடக்கும் எமது ஊர்களில், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் படியும் தூசுதான் முதல் முறைப்பாடாக வரும்.

கையில் காசு குறைவானவர் படிப்படியாகச் செய்யலாம். முதலில் ஊதுவதை நிறுத்தி, நல்ல முகக்கவசம் வாங்குங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள். அடுத்து பீப்பாயோடு இணைந்த ஒரு வெக்கியூமைச் சாண்டருக்குப் பொருத்துங்கள், மிக மோசமான தூசு அங்கிருந்துதான் வருகிறது. பின்னர் பிளேனருக்கும் வாளுக்கும் கலெக்டர். அது வரை புதிய இயந்திரம் வேண்டாம்.

கடைசியாக, இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஷோரூம் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. வீட்டுப் பட்டறைகளில் ஐந்நூறு ரூபா குறைத்துத் தா என்று நாம் பேரம் பேசும் போது, அந்த ஐந்நூறு எங்கிருந்து குறைகிறது என்பது எமக்குத் தெரியும். உங்களுக்குத் தொடர்ந்து சாமான் தரும் ஓடாவிக்கு ஒரு கலெக்டர் வாங்க முற்பணம் கொடுத்து, ஓடருக்கு ஓடர் சிறிது சிறிதாகக் கழித்துக் கொள்ளுங்கள். தூசு படியாத வார்னிஷ் வேலை உங்கள் கடைக்கே வரும். சுயதொழில் கடன் கொடுக்கும் எமது சங்கங்களும் மரவேலைக்கான விண்ணப்பத்தில் "தூசு அகற்ற எவ்வளவு ஒதுக்கினீர்?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும். அதற்குப் பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருத்தி வரும்படி திருப்பி அனுப்பட்டும். கடனை அடைக்க வேண்டியவர் பல வருடங்கள் மூச்சுத் திணறாமல் வேலை செய்ய வேண்டியவர் அல்லவா?